எடப்பாடிச் சமவெளியில் பல் நோய்களின் வரலாறு

சேலம் மாவட்டத்தின் மேற்குப் பகுதியில் உள்ள எடப்பாடி, கைத்தறிக்கும் விசைத்தறிக்கும் பெயர் பெற்ற ஊர். மேற்கே பூலாம்பட்டியில் காவிரி ஓடுகிறது. சேர்வராயன் மலையில் தோன்றும் சரபங்கா ஆறு இவ்வட்டாரத்தின் வழியே சென்று காவிரியில் கலக்கிறது. எடப்பாடி, சங்ககிரி, ஓமலூர், திருச்செங்கோடு, நாமக்கல் ஆகிய ஊர்களைக் கொண்ட இந்தச் சமவெளியில் மக்களை வருத்தும் பல் நோய்களை மூன்று வகையாகப் பிரிக்கலாம். முதலாவது, பற்சொத்தையும் அதனால் வரும் வலியும். இரண்டாவது, பற்களில் படியும் பழுப்பு நிறக் கறையும் குழிகளும். மூன்றாவது, தாடை வலியும் வாயைத் திறக்க முடியாத நிலையும்.

இம்மூன்றின் வரலாற்றிலும் ஓர் ஒற்றுமை உண்டு. நெடுங்காலமாகக் குற்றம் பல்லின்மீதோ, பல்லுக்கு உரியவரின் தூய்மையின்மீதோ சுமத்தப்பட்டது. சொத்தைக்குப் பூச்சி காரணம் என்றனர். கறைக்குச் சரியாகப் பல் துலக்காததே காரணம் என்றனர். தாடை இறுக்கத்தை வாயு என்றனர். உண்மைக் காரணங்கள் உணவிலும், கிணற்று நீரிலும், மெல்லும் பாக்கிலும் இருந்தன. அவை ஒவ்வொன்றாகக் கண்டறியப்பட்ட வரலாற்றையும், அதில் இந்தச் சமவெளியின் இடத்தையும் இக்கட்டுரை விளக்குகிறது.

பூச்சிப்பல் என்னும் நம்பிக்கை

சொத்தைப் பல்லைப் 'பூச்சிப்பல்' என்று அழைக்கும் வழக்கம் தமிழகம் முழுவதும் உள்ளது. பல்லுக்குள் ஒரு புழு இருந்து அதை அரிக்கிறது என்பதே இப்பெயரின் பொருள். இந்த நம்பிக்கை தமிழருக்கு மட்டும் உரியதன்று. பண்டைய பாபிலோனியாவின் களிமண் பலகைகளிலும் பல் புழுவைப் பற்றிய குறிப்பு உள்ளது. சீனாவிலும் ஐரோப்பாவிலும் இதே கருத்து பல நூற்றாண்டுகள் நிலவியது.

நாட்டு மருத்துவத்தில் பூச்சிப்பல்லுக்குக் கண்டங்கத்திரி முக்கிய மருந்தாக இருந்தது. காய்ந்த கண்டங்கத்திரிப் பழத்தையோ விதையையோ தணலில் இட்டு, எழும் புகையை வலியுள்ள பல்லில் படும்படி வாயில் பிடிப்பார்கள். புகை பட்டதும் பூச்சி விழுந்துவிடும் என்று நம்பப்பட்டது. ஊர் ஊராகச் சென்று பல் பூச்சி எடுப்பவர்கள், எடுத்த புழுவை நீரில் போட்டுக் காட்டுவதும் உண்டு. இடைக்கால ஐரோப்பாவில் குரோசாணி ஓமத்தின் விதைகளைக் கொண்டு இதே முறையில் புகை பிடித்தனர். சூட்டில் விதை வெடிக்கும்போது வெளிவரும் வெண்மையான முளைப்பகுதியே புழு போலத் தோன்றியது என்பது பின்னர் தெளிவானது.

இந்த நம்பிக்கை இவ்வளவு காலம் நிலைத்ததற்கு ஒரு காரணம் உண்டு. சொத்தைப் பல்லின் வலி சில நாள்களுக்குப் பின் தானாகவே அடங்குவது உண்டு. சொத்தை ஆழமாகி, நரம்பும் இரத்தக் குழாயும் உள்ள பல்லின் கூழ்ப்பகுதி அழிந்துவிட்டால் அதற்கு மேல் அப்பல்லில் உணர்வு இருக்காது. அந்த நேரத்தில் எந்த மருந்தைக் கொடுத்திருந்தாலும் அதுவே வலியைப் போக்கியதாகத் தோன்றும். ஆனால் தொற்று அங்கேயே நின்றுவிடுவதில்லை. வேரின் நுனி வழியாக அது தாடை எலும்புக்குள் இறங்கி, பல மாதங்கள் கழித்துச் சீழ்க் கட்டியாக வெளிப்படும். கீழ்த்தாடைப் பல்லின் தொற்று நாக்கின் அடியிலும் கழுத்திலும் பரவி மூச்சை அடைக்கும் நிலையை, செருமானிய மருத்துவர் வில்ஹெல்ம் ஃபிரெடரிக் ஃபான் லுட்விக் 1836இல் விவரித்தார். நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகள் வருவதற்கு முன் அது பெரும்பாலும் உயிரைப் பறிக்கும் நோயாக இருந்தது.

சொத்தைக்கான உண்மைக் காரணம்

சொத்தையைச் சரிசெய்யும் முயற்சி மிகவும் பழமையானது. பலுச்சிஸ்தானத்தில் உள்ள மெகர்கர் என்னும் புதிய கற்கால இருப்பிடத்தில், 7,500 முதல் 9,000 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த 9 பேரின் 11 கடைவாய்ப் பற்களில் கல் கருவியால் துளையிட்ட அடையாளங்கள் கண்டெடுக்கப்பட்டன. இந்த முடிவு 2006இல் வெளியானது. இருப்பினும் துளையிடத் தெரிந்த மனிதனுக்குப் பல் ஏன் சொத்தையாகிறது என்பது தெரிய மேலும் பல ஆயிரம் ஆண்டுகள் ஆயின.

பிரெஞ்சு மருத்துவர் பியர் ஃபோஷார் 1728இல் வெளியிட்ட நூலில் பல் புழுக் கருத்தை மறுத்தார். சர்க்கரை பல்லுக்குக் கேடு என்றும் எழுதினார். செருமனியில் பணியாற்றிய அமெரிக்கரான டபிள்யூ. டி. மில்லர் 1890இல் சொத்தை உருவாகும் முறையை விளக்கினார். வாயில் உள்ள நுண்ணுயிரிகள் மாவுப் பொருளையும் சர்க்கரையையும் அமிலமாக மாற்றுகின்றன. அந்த அமிலம் பல்லின் மேலுறையான எனாமலைக் கரைக்கிறது என்பதே அவ்விளக்கம். சுவீடனின் விப்பெஹோம் மருத்துவமனையில் 1945 முதல் 1953 வரை நடந்த ஆய்வு, உண்ணும் சர்க்கரையின் மொத்த அளவைக் காட்டிலும், எத்தனை முறை உண்கிறோம் என்பதும் அது பல்லில் எவ்வளவு நேரம் ஒட்டியிருக்கிறது என்பதுமே முக்கியம் என்று காட்டியது. மனவளர்ச்சி குன்றியவர்களுக்குத் தெரிந்தே ஒட்டும் மிட்டாய்களைக் கொடுத்து நடத்தப்பட்டதால், அந்த ஆய்வு இன்று மருத்துவ அறத்திற்குப் புறம்பானதாகக் கருதப்படுகிறது.

எடப்பாடிச் சமவெளிக்கு இந்த முடிவு நேரடியாகப் பொருந்துகிறது. ராகிக் களியும், கம்பங்கூழும், சோளச் சோறும் இப்பகுதியின் பழைய உணவுகள். சர்க்கரை நாள்தோறும் உண்ணும் பொருளாக இருக்கவில்லை. அரிசியும் தேநீரும் கடை மிட்டாயும் ரொட்டியும் பரவியபோது வாயில் அமிலம் உருவாகும் நேரங்கள் பெருகின. விசைத்தறிக் கூடங்களில் இரவு பகலாக வேலை செய்பவர்கள் தூக்கத்தை விரட்ட மணிக்கொரு முறை சர்க்கரை கலந்த தேநீர் பருகினால், எனாமல் மீண்டும் வலுப்பெறுவதற்கு உமிழ்நீருக்கு நேரமே கிடைப்பதில்லை. ஒவ்வொரு முறை இனிப்பு உண்ட பின்னும் வாயின் அமிலத் தன்மை தணிய ஏறத்தாழ அரை மணி நேரம் ஆகும்.

பல் துலக்கும் பொருள்களும் தேய்மானமும்

பற்பசை பரவுவதற்கு முன் கொங்கு நாட்டு வீடுகளில் வேப்பங்குச்சி, ஆலங்குச்சி, கருவேலம்பட்டை ஆகியவற்றுடன் உமிக்கரி, சாம்பல், உப்பு, செங்கல் பொடி ஆகியவையும் பல் துலக்கப் பயன்பட்டன. இவை எல்லாம் ஒரே தன்மை உடையவை அல்ல. மென்று தும்பாக்கிய குச்சி பல்லின் மேற்பரப்பை மென்மையாகத் துடைக்கிறது. செங்கல் பொடியும் சொரசொரப்பான கரியும் எனாமலை அராவுகின்றன. ஈறை ஒட்டிய பகுதியில் எனாமல் மெல்லியதாக இருப்பதால் அங்கே முதலில் பள்ளம் விழும். அப்பள்ளத்தில் எனாமலுக்கு அடியில் உள்ள டென்டைன் வெளிப்படுவதால் குளிர்ந்த நீர் பட்டாலே பல் கூசும்.

நெசவுத் தொழிலும் பல்லில் தன் தடத்தைப் பதிக்கிறது. நூலைப் பல்லால் கடித்து அறுக்கும் பழக்கம் உள்ள நெசவாளர், தையற்காரர் ஆகியோரின் முன்பற்களின் விளிம்பில் ஆண்டுக்கணக்கில் சிறு வெட்டுப்பள்ளம் உருவாகும். இது நோயன்று, தொழில் தேய்மானம். கத்தரியைக் கையில் எடுத்தால் அது அத்துடன் நின்றுவிடும்.

பழுப்புக் கறை: கொலராடோவிலிருந்து நெல்லூர் வரை

சேலம், நாமக்கல், தருமபுரி, கிருட்டிணகிரி ஆகிய நான்கு மாவட்டங்களும் ஒரு காலத்தில் ஒரே சேலம் மாவட்டமாக இருந்தவை. தருமபுரி 1965இலும் நாமக்கல் 1997இலும் பிரிந்தன. தருமபுரியிலிருந்து கிருட்டிணகிரி 2004இல் பிரிந்தது. இந்தப் பழைய மாவட்டத்தின் பல கிராமங்களில் பிறந்து வளர்ந்தவர்களின் பற்களில் சுண்ணாம்பு போன்ற வெண்திட்டுகளையும், மஞ்சள் அல்லது பழுப்பு நிறப் பட்டைகளையும் காணலாம். இந்நோய் பல் புளோரோசிஸ் எனப்படுகிறது. இதன் காரணம் முதலில் கண்டறியப்பட்டது அமெரிக்காவில்.

ஃபிரெடரிக் மெக்கே என்னும் இளம் பல் மருத்துவர் 1901இல் கொலராடோ ஸ்பிரிங்ஸ் நகரில் தொழில் தொடங்கியபோது, அந்நகரத்தவர் பலரின் பற்களில் பழுப்புக் கறை இருப்பதைக் கண்டார். அன்றைய புகழ்பெற்ற பல் ஆய்வாளர் ஜி. வி. பிளாக் 1909இல் அவருடன் இணைந்தார். இரண்டு செய்திகள் தெளிவாயின. அந்த ஊரில் குழந்தைப் பருவத்தைக் கழித்தவர்களுக்கு மட்டுமே கறை இருந்தது. வயது வந்தபின் குடியேறியவர்களுக்கு இல்லை. மேலும், கறை படிந்த பற்களில் சொத்தை குறைவாக இருந்தது.

மெக்கேயின் ஐயம் குடிநீரின்மீது திரும்பியது. இடாஹோ மாநிலத்தின் ஓக்லி என்னும் சிற்றூரில், ஒரு வெந்நீர் ஊற்றிலிருந்து குழாய் வழியே நீர் கொண்டுவந்த பின்னரே குழந்தைகளின் பற்களில் கறை தோன்றியது என்று தாய்மார்கள் கூறினர். அந்த நீரைக் கைவிட்டு வேறு ஊற்று நீருக்கு மாறுமாறு அவர் 1923இல் அறிவுரை கூறினார். சில ஆண்டுகளில், அவ்வூரில் புதிதாக முளைத்த பற்கள் கறையின்றி இருந்தன. நீரில் உள்ள எந்தப் பொருள் காரணம் என்பதை அலுமினிய நிறுவனம் ஒன்றின் வேதியியலாளர் எச். வி. சர்ச்சில் 1931இல் கண்டறிந்தார். அது புளோரைடு. அடுத்து எச். டிரெண்ட்லி டீன், கறையின் கடுமையை அளக்கும் அளவுகோலை உருவாக்கி, லிட்டருக்கு ஏறத்தாழ 1 மில்லிகிராம் புளோரைடு உள்ள நீர் சொத்தையைத் தடுக்கிறது, கறையையும் பெரிதாக ஏற்படுத்துவதில்லை என்று காட்டினார். இதன் அடிப்படையில் மிச்சிகனின் கிராண்ட் ராப்பிட்ஸ் நகரம் 1945இல் குடிநீரில் புளோரைடைச் சேர்க்கத் தொடங்கியது.

இந்தியாவில் இந்நோய் முதலில் பதிவானது சென்னை மாகாணத்தில்தான். அன்றைய நெல்லூர் மாவட்டத்தில், உழவு மாடுகள் மூட்டு இறுகி நடக்கச் சிரமப்படுவதை 1930களில் உழவர்கள் கவனித்தனர். மனிதர்களிடமும் பற்கறையுடன் முதுகெலும்பு விறைத்துக் கூனும் நிலை இருந்தது. எச். இ. ஷார்ட், ஜி. ஆர். மெக்ராபர்ட், டி. டபிள்யூ. பர்னார்ட், ஏ. எஸ். மன்னாடி நாயர் ஆகியோர் 1937இல் 'இந்திய மருத்துவ ஆராய்ச்சி இதழில்' வெளியிட்ட கட்டுரை, இவை அனைத்தும் கிணற்று நீரின் புளோரைடால் வந்தவை என்று நிறுவியது. அமெரிக்காவில் புளோரைடு பல்லின் பாதுகாவலனாக அறியப்பட்ட அதே பத்தாண்டில், தென்னிந்தியாவில் அது எலும்பை முடக்கும் பொருளாகவும் அறியப்பட்டது. இரண்டும் ஒரே பொருளின் இரு அளவுகள்.

பாறையும் ஆழ்துளைக் கிணறும்

எடப்பாடிச் சமவெளியின் அடியில் மிகப் பழைய கடினப் பாறைகள் உள்ளன. நைஸ், சார்னோகைட், கிரானைட் வகைப் பாறைகளில் உள்ள பயோடைட், ஹார்ன்பிளெண்டு, அபடைட் போன்ற கனிமங்களில் புளோரைடு அடங்கியுள்ளது. பாறை வெடிப்புகளில் நீண்ட காலம் தங்கும் நீரில் அது மெல்லக் கரைகிறது. நீரில் கால்சியம் குறைவாகவும் சோடியமும் பைகார்பனேட்டும் மிகுதியாகவும் இருந்தால் மேலும் அதிகமாகக் கரையும். மழை குறைந்து வெயில் மிகுந்த நிலத்தில் நீர் ஆவியாகும்போது செறிவும் கூடுகிறது. சேலம், நாமக்கல் மாவட்டங்களில் நடந்த நிலத்தடி நீர் ஆய்வுகள், சில பகுதிகளின் நீரில் புளோரைடு லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டியிருப்பதைக் காட்டியுள்ளன. ஒரே ஊரில் ஒரு கிணற்று நீர் நல்லதாகவும், அடுத்த தெருக் கிணற்று நீர் கெட்டதாகவும் இருக்கக்கூடும்.

முன்பு இப்பகுதியில் குடிநீர் தந்தவை ஏரிகளும், ஊற்றுகளும், திறந்த வெட்டுக் கிணறுகளும் ஆகும். மழைநீர் இறங்கிச் சேரும் மேல்மட்ட நீர் அது. அதில் வேறு ஆபத்துகள் இருந்தன. வயிற்றுப்போக்கு, வாந்திபேதி, நரம்புச்சிலந்தி ஆகிய நோய்கள் திறந்த நீர்நிலைகள் வழியே பரவின. 1960களின் பிற்பகுதியிலிருந்து கடினப் பாறையைத் துளைக்கும் காற்றழுத்த இயந்திரங்கள் இந்தியாவில் பரவின. கிராமந்தோறும் ஆழ்துளைக் கிணறும் கைப்பம்பும் அமைந்தன. எடப்பாடிக்குத் தெற்கே உள்ள திருச்செங்கோடு, பிற்காலத்தில் நாடெங்கும் சென்று கிணறு துளைக்கும் ரிக் வண்டிகளின் தலைமையிடமாகவே மாறியது.

மூடிய குழாயிலிருந்து வரும் நீர் கிருமிகளிலிருந்து பெருமளவு காப்பாற்றியது. இந்தியா நரம்புச்சிலந்தி நோயற்ற நாடாக 2000இல் அறிவிக்கப்பட்டதில் அதற்குப் பங்கு உண்டு. ஆனால் அதே குழாய், பாறையின் ஆழத்தில் பல்லாண்டுகள் தங்கியிருந்த நீரையும் மேலே கொண்டுவந்தது. பாசனத்திற்கு நீர் இறைக்க இறைக்க நீர்மட்டம் தாழ்ந்தது. கிணறுகள் மேலும் ஆழமாயின. புளோரைடுக்கு நிறமோ மணமோ சுவையோ கிடையாது. தெளிந்த நீரே நல்ல நீர் என்ற அனுபவ அறிவு இங்கே உதவவில்லை.

எனாமலில் எழுதப்படும் நாட்குறிப்பு

நிலைப் பற்களின் எனாமல், பல் முளைப்பதற்குப் பல ஆண்டுகள் முன்பே தாடைக்குள் உருவாகிறது. பிறப்பு முதல் ஏறத்தாழ 8 வயது வரை இந்த வேலை நடக்கிறது. அக்காலத்தில் உடலில் புளோரைடு மிகுந்தால் எனாமல் முழுமையாகக் கெட்டிப்படாமல் நுண்துளைகளுடன் அமைகிறது. பல் முளைக்கும்போது அது வெண்திட்டாகத் தெரியும். பின்னர் உணவிலும் நீரிலும் உள்ள நிறப்பொருள்கள் அத்துளைகளில் ஏறிப் பழுப்பாகின்றன. கடுமையான நிலையில் எனாமல் சிறு துண்டுகளாகப் பெயர்ந்து குழிகள் விழும். பல்லின் விளிம்புகள் எளிதில் உடையும்.

எனவே பல் புளோரோசிஸ் ஒரு நாட்குறிப்பைப் போன்றது. ஒருவர் தம் முதல் எட்டு ஆண்டுகளில் எந்த நீரைக் குடித்தார் என்பதை அது வாழ்நாள் முழுவதும் காட்டும். பெரியவரான பின் எந்த நீரைக் குடித்தாலும் பல்லில் புதிதாகக் கறை தோன்றாது; நல்ல நீருக்கு மாறினாலும் பழைய கறை மறையாது. ஆனால் எலும்புக்கு இந்த வயது வரம்பு இல்லை. மிகுந்த புளோரைடு உள்ள நீரைப் பல ஆண்டுகள் குடிக்கும் பெரியவர்களுக்கு மூட்டு வலியும், கழுத்தும் முதுகும் விறைத்தலும் உண்டாகலாம். அதனால் ஒரு வீட்டுக் குழந்தையின் பற்கறை, அவ்வீட்டில் உள்ள அனைவருக்குமான எச்சரிக்கையாகும்.

தவறான இடத்தில் விழுந்த பழி

கறை பல்லின் உள்ளே இருப்பதால் எவ்வளவு தேய்த்தாலும் போகாது. இது தெரியாததால் இரண்டு கேடுகள் விளைந்தன. ஒன்று, கறையைப் போக்குவதாக நினைத்துச் செங்கல் பொடியும் கரியும் கொண்டு அழுத்தித் தேய்த்தது. ஏற்கெனவே வலுவிழந்த எனாமல் அதனால் மேலும் சிதைந்தது. மற்றொன்று, கறை உள்ளவரைத் துப்புரவு அற்றவர் என்றும், புகையிலை போடுபவர் என்றும் எண்ணியது. பள்ளியில் ஆசிரியரின் கண்டிப்பு, சக மாணவர்களின் கேலி, பெண் பார்க்க வரும் இடத்தில் வாயை மூடிச் சிரிக்க வேண்டிய நிலை, வேலைக்கான நேர்காணலில் தயக்கம் என இதன் சுமை வாழ்க்கை முழுவதும் தொடர்கிறது. கல் உப்பும் வேப்பங்குச்சியும் கொண்டு நாள்தோறும் பல் துலக்கிய குழந்தைக்கும் இதே கறை வந்தது. அக்குழந்தை செய்த தவறு எதுவும் இல்லை. வீட்டருகே இருந்த குழாயில் நீர் குடித்தது மட்டுமே.

காவிரி நீர் வந்தபின்

புளோரோசிஸைப் பல் மருத்துவரால் மறைக்க முடியும், தடுக்க முடியாது. வெளுக்கச் செய்தல், மேற்பரப்பை மெல்லியதாகச் சுரண்டுதல், பல் நிற அடைப்பு, உறை போடுதல் ஆகியவை தோற்றத்தைச் சீராக்கும். தடுப்பு என்பது குடிநீரை மாற்றுவதே என்று ஓக்லி காட்டியது.

நீரிலிருந்து புளோரைடை நீக்க, படிகாரமும் சுண்ணாம்பும் சேர்க்கும் 'நல்கொண்டா முறையை' நாக்பூரில் உள்ள தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வு நிறுவனம் 1970களில் உருவாக்கியது. அலுமினா வடிகட்டிகளும் பயன்படுத்தப்பட்டன. இவற்றுக்கு இடைவிடாத பராமரிப்பு தேவை. சேரும் கசடை அகற்றவும் வேண்டும். இதனால் கிராமங்களில் இவை நீடித்து இயங்குவது கடினமாக இருந்தது. புளோரைடு குறைந்த ஆற்று நீரைக் குழாய் வழியே கொண்டுவருவது நிலையான தீர்வாகக் கருதப்பட்டது. 1971இல் அமைக்கப்பட்ட தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியம் காவிரியை ஆதாரமாகக் கொண்ட பல கூட்டுக் குடிநீர்த் திட்டங்களை இப்பகுதியில் நிறைவேற்றியது. எடப்பாடி நகரம் பூலாம்பட்டிப் பகுதிக் காவிரியிலிருந்து குடிநீர் பெறுகிறது. தருமபுரி, கிருட்டிணகிரி மாவட்டங்களுக்கான ஒகேனக்கல் திட்டத்தின் பெயரிலேயே 'புளோரோசிஸ் குறைப்பு' என்னும் சொல் இடம்பெற்றுள்ளது. சப்பானியக் கடனுதவியுடன் நடந்த அத்திட்டத்திற்கு 2008இல் அடிக்கல் நாட்டப்பட்டது. 2013இல் அது பயன்பாட்டுக்கு வந்தது. நடுவண் அரசின் தேசியப் புளோரோசிஸ் தடுப்புத் திட்டமும் 2008-09இல் தொடங்கியது.

உலக நலவாழ்வு அமைப்பு குடிநீரில் புளோரைடின் மேல் வரம்பாக லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைக் குறிப்பிடுகிறது. இந்தியத் தர நிர்ணய அமைவனம் 1.0 மில்லிகிராமை ஏற்கத்தக்க அளவாகவும், வேறு நீர் கிடைக்காத நிலையில் மட்டும் 1.5 மில்லிகிராமை அனுமதிக்கத்தக்க அளவாகவும் வைத்துள்ளது. வெப்பமான நாட்டில் மக்கள் அதிக நீர் குடிப்பதால் இக்கட்டுப்பாடு பொருத்தமானது. குழாயில் காவிரி நீர் வராத நாளில் பழைய ஆழ்துளைக் கிணற்றுக்குத் திரும்பும் வீடுகளில் ஆபத்தும் திரும்புகிறது. நீரைக் கொதிக்கவைப்பது கிருமிகளைக் கொல்லும், புளோரைடை நீக்காது. நீர் வற்றும் அளவுக்கு அதன் செறிவு கூடவே செய்யும். கூரையில் சேரும் மழைநீரில் புளோரைடு மிகக் குறைவு என்பதால், குறைந்தது சிறு குழந்தைகளின் குடிநீருக்காவது அதைத் தூய்மையாகச் சேமிப்பது பயன் தரும்.

தாடை வலியும் வாய் இறுக்கமும்

மூன்றாவது வகை நோய்களில் காரணத்தைக் கண்டறிவது இன்னும் கடினமாக இருந்தது. தாடை வலி பல இடங்களிலிருந்து வரக்கூடும். சொத்தைப் பல்லின் வேர்த் தொற்று, இடமின்றி முட்டி நிற்கும் ஞானப்பல், காதுக்கு முன்னால் உள்ள தாடை மூட்டின் கோளாறு, தூக்கத்தில் பல்லை நறநறவெனக் கடித்தல், முக நரம்பு வலி ஆகிய அனைத்தும் ஒரே இடத்தில் வலிப்பதாகத் தோன்றும். அமெரிக்க மருத்துவர் ஜேம்ஸ் காஸ்டன் 1934இல் தாடை மூட்டு வலியையும் காது அடைப்பையும் பற்கள் பொருந்தாமையுடன் தொடர்புபடுத்தினார். பின்னர் வந்த ஆய்வுகள், மெல்லும் தசைகளின் களைப்பும் மன அழுத்தமும் முக்கியக் காரணங்கள் என்று காட்டின. முக நரம்பு வலியைப் பல் வலி என்று எண்ணி நல்ல பற்களைப் பிடுங்கிய நிகழ்வுகள் மருத்துவ நூல்களில் பல உள்ளன. உழைக்கும்போது தோன்றி, ஓய்வெடுத்தால் குறையும் கீழ்த்தாடை வலி மாரடைப்பின் அறிகுறியாகவும் இருக்கலாம்; அதற்குப் பல் மருத்துவமனையைத் தேடி நேரத்தை வீணாக்கக் கூடாது.

வாய் மெல்ல மெல்லத் திறக்க முடியாமல் போகும் நிலைக்கு இப்பகுதியில் பாக்கு முக்கியக் காரணம். கென்யாவில் வாழ்ந்த இந்தியப் பெண்களிடம் இந்நிலையை ஷ்வார்ட்ஸ் 1952இல் விவரித்தார். மும்பையில் ஜோஷி 1953இல் அதைச் சளிப்படல அடிநார்ப் பெருக்கம் என்னும் பொருள்படப் பெயரிட்டார். பாக்கில் உள்ள வேதிப்பொருள்கள் கன்னத்தின் உட்பகுதியை நாராக இறுகச் செய்கின்றன. காரம் பட்டால் எரிச்சல், பின்னர் மூன்று விரல் நுழையாத அளவுக்கு வாய் சுருங்குதல் என நோய் வளரும். அது புற்றுநோயாகவும் மாறக்கூடும். பாக்கு புற்றுநோயை உண்டாக்கும் பொருள் என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இல் வகைப்படுத்தியது. வெற்றிலைத் தட்டில் எப்போதாவது இருந்த பாக்கு, சிறு பொட்டலங்களாகப் பெட்டிக்கடைகளில் தொங்கத் தொடங்கியபின், நோய் இளைஞர்களையும் பிடித்தது. குட்கா, பான் மசாலா ஆகியவற்றின் விற்பனையைத் தமிழ்நாடு அரசு 2013இல் தடை செய்தது. தறிக்கூடத்திலும் லாரி ஓட்டத்திலும் களைப்பை மறக்கப் பாக்குப் போடுபவருக்குத் தடை மட்டும் போதாது. கன்னம் எரிகிறதா, வாய் முன்பு போல் திறக்கிறதா என்று யாராவது கேட்கவும் வேண்டும்.

பல் மருத்துவம் அருகில் வந்த காலம்

ஒரு காலத்தில் ஊரில் பல் பிடுங்கும் பணியை நாவிதர்களும் நாட்டு வைத்தியர்களும் செய்தனர். இந்தியாவின் முதல் பல் மருத்துவக் கல்லூரியை டாக்டர் ரபியுதீன் அகமது 1920இல் கொல்கத்தாவில் தொடங்கினார். பல் மருத்துவர்கள் சட்டம் 1948இல் வந்தது. சென்னை மருத்துவக் கல்லூரியில் பல் மருத்துவப் பிரிவு 1953இல் தொடங்கியது. பின்னர் சேலத்திலும் திருச்செங்கோட்டிலும் தனியார் பல் மருத்துவக் கல்லூரிகள் தோன்றியதால், ஒரு தலைமுறைக்கு முன் எட்டாத தொலைவில் இருந்த மருத்துவம் பேருந்து தூரத்திற்கு வந்தது.

மருத்துவர் அருகில் வந்தபோதிலும், வலி பொறுக்க முடியாமல் போன பின்னரே அவரிடம் செல்லும் வழக்கம் முற்றிலும் மாறவில்லை. அந்நிலையில் பல்லைப் பிடுங்குவது தவிர வேறு வழி பெரும்பாலும் இருப்பதில்லை. இழப்பதற்கு முன் செய்ய வேண்டியவை எளியவை: இனிப்பை உணவு நேரத்துடன் நிறுத்துதல், புளோரைடு மிகுந்த ஊர்களில் குழந்தைகளுக்குப் பட்டாணி அளவுக்கு மேல் பற்பசை தராமல் இருத்தல், பாக்கைத் தொடாமல் இருத்தல், குடிக்கும் கிணற்று நீரைச் சோதித்துப் பார்த்தல்.

இவற்றுள் முதல் மூன்றையும் ஒரு குடும்பம் தானே செய்துகொள்ளலாம். நான்காவது, ஊரும் அரசும் சேர்ந்து செய்ய வேண்டிய வேலை. பள்ளியில் முன்வரிசையில் அமர்ந்திருக்கும் குழந்தையின் பல்லில் பழுப்புக் கறை தெரிந்தால், முதலில் கேட்க வேண்டியது பல் துலக்கினாயா என்பதன்று. எந்தத் தண்ணீர் குடிக்கிறாய் என்பதே.